அரசாங்கத் தேதி

786

தூத்துக்குடி,
11-6-1956

அன்பு ஜெய்தூனுக்கு நைனா முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் துஆ பரக்கத்தால் நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் பிள்ளை ஷரீஃபாவும் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு கோவில்பட்டி வரைக்கும் வந்தது. என்னோடு சாணார்பட்டி கருப்பணனையும் இங்கே மாற்றியிருக்கிறார்கள் அல்லவா, அளவுச் சங்கிலி பிடிக்கிறவர், அவர்தான் பாதிக்கு மேல் சாப்பிட்டார். "பீவியம்மா கைக்கு இம்புட்டு ருசியா?" என்று உன்னைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார், அதனால் நானும் தடுக்கவில்லை.

இந்த ஊரைத் துறைமுகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரையோரம் ஆழமில்லாததால் கப்பலெல்லாம் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நிற்கிறது. மூட்டை முடிச்செல்லாம் தோணியில் ஏறி, அலையில் நனைந்து, ஆடி அசைந்து கப்பலுக்குப் போகவேண்டும். அண்ணன் தன் தோல் கட்டுகளைப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊரை விட்டுவிட்டு மெட்ராஸுக்கு ஏன் அனுப்புகிறார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

எங்கள் வேலை கடலின் ஆழத்தை அளந்து, புதுத் துறைமுகத்துக்கு வரைபடம் போட்டு, மேலே அனுப்புவது. டெல்லியில் அதைப் பார்த்துப் பணம் ஒதுக்குவார்கள். ஒதுக்கினால் கப்பல் கரைக்கே வந்து நிற்கும். சர்வே ஆறு மாத வேலை. அதன்பின் திட்டம் அங்கீகாரமானால் சிப்பந்திகளுக்கு குவார்ட்டர்ஸ் கட்டுவார்கள். அப்போது உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்வேன். ஒரு ஜன்னலாவது கடலைப் பார்த்து வைக்கவேண்டும் என்று இன்ஜினியர் அய்யாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அவர் சிரித்தார்.

அண்ணனிடம் என் சலாம் சொல். பிள்ளைக்கு முத்தம்.

உன் நைனா

786

நாகல் நகர், திண்டுக்கல்,
20-6-1956

அன்புள்ள மச்சானுக்கு ஜெய்தூன் எழுதிக்கொள்வது. வஅலைக்கும் சலாம். இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆறு மாசமா? பொம்பளைக 'செத்த நேரத்துல வாரேன்'னு பக்கத்து வீட்டுக்குப் போற கணக்குத்தான் கவர்மெண்டு கணக்கும்" என்றார். பெண்களை எதற்கு இழுக்கிறார் என்று எனக்குக் கோபம். சொன்னது சரியாகப் போய்விடுமோ என்று பயமும் வந்தது. அதனால் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

கடலைப் பார்த்த ஜன்னல் யார் கேட்டது? எனக்கு ஒரு அடுப்பும் ஒரு கதவும் இருந்தால் போதும். குவார்ட்டர்ஸ் கட்டும்வரை எதற்குக் காத்திருக்கவேண்டும்? ஓலை வீடானாலும் வாடகைக்குப் பாருங்கள். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். ஷரீஃபா பள்ளிக்கூடத்தில் தன் அத்தா கடல் கட்டப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். கடலை யாரும் கட்டமாட்டார்கள் என்று வாத்தியார் சொன்னதற்கு வாத்தியாரோடு சண்டை. ஒன்பது வயதுக்கு அந்த வாய் அதிகம். என்னைக் கொண்டு பிறந்துவிட்டாள்.

ராத்திரி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கூவிக்கொண்டு போகும்போது வாசலுக்கு ஓடி வருகிறாள். இரவு ஏறினால் விடியும்போது போய்ச் சேர்கிற ஊர்தானே மச்சான், சீக்கிரம் அழைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ஜெய்தூன்

786

தூத்துக்குடி,
14-2-1957

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. பகலெல்லாம் படகில் ஆழம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் பேனா பிடிக்கிற கை கடிதத்துக்கு வளைய மறுக்கிறது.

வாடகை வீடு பார்க்கலாம்தான். இந்த ஆபீஸே தற்காலிகம் என்பதை நீ யோசிக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து நீட்டிப்பு உத்தரவு வந்தால்தான் எங்களுக்குச் சம்பளம். உன்னையும் பிள்ளையையும் கூட்டிவந்து, மறுமாதமே ஆபீஸை மூடினால் மூட்டையோடு ஸ்டேஷனில் நிற்கவேண்டும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. வந்தால் முறையாக, கௌரவமாக, குவார்ட்டர்ஸுக்கு வாருங்கள். இந்த ஐந்தாண்டுத் திட்டத்திலேயே சேர்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

முதல் வரைபடத்தை டெல்லியிலிருந்து திருப்பிவிட்டார்கள். அலை தடுக்கும் கல்சுவரை வேறு கோணத்தில் போடவேண்டுமாம். அந்த வரைபடத்தை வரைந்திருந்த துணியை கருப்பணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரத்து என்று எழுதி அய்யா கையெழுத்துப் போட்ட துணிதான், பயப்படாதே. அது காகிதம் போல மொடமொடவென்று இருக்கும், ஆனால் நல்ல ஒசத்தித் துணி. வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசினால் பசையெல்லாம் போய் மல்லுத் துணி மாதிரி ஆகிவிடும். என்னைப் போல வரைபடம் போடுகிற எல்லா டிராஃப்ட்ஸ்மேன் வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது தைத்துப் போடு.

உன் நைனா

786

நாகல் நகர்,
3-3-1957

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

துணி வந்து சேர்ந்தது. அதை விரித்துப் பார்த்தபோது எனக்குக் கை வரவில்லை. எத்தனை கோடு, எத்தனை புள்ளி, எவ்வளவு பொடி எழுத்து! இதையெல்லாம் உங்கள் கை போட்டதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊறப்போட்டேன். விடிந்து பார்த்தால் வாளித் தண்ணீர் முழுக்க மை. உங்கள் துறைமுகத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன் மச்சான், மன்னித்துவிடுங்கள்.

ஷரீஃபாவுக்கு இரண்டு உள்பாவாடை தைத்தேன். மை முழுக்கப் போகவில்லை. "அம்மா, முட்டிக்கு மேல இருபத்தினாலுன்னு எழுதியிருக்கு" என்று காட்டினாள். அது கடலின் ஆழம் என்றேன். அன்று முழுவதும் தெருவில் யாரும் தன் கிட்டே வரக்கூடாது, மூழ்கிவிடுவீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கௌரவமாக வரச் சொல்லுகிறீர்கள். சரி. கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டேன். கட்டியே வைத்திருந்தால் சேலையெல்லாம் மடிப்பில் இற்றுப்போகிறது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ஜெய்தூன்

786

தூத்துக்குடி,
9-3-1960

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

இம்முறை நல்ல செய்தி. துறைமுகத்தைக் கைவிடவில்லை. பட்ஜெட்டில் நமக்கு ஒரு டோக்கன் தொகை வைத்திருக்கிறார்கள். டோக்கன் என்றால் என்னவென்று கேட்பாய். வேலை ஆரம்பிக்க அந்தத் தொகை போதாது, ஒரு படகுக்குச் சாயம் அடிக்கக்கூடக் காணாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் நம் பெயர் அழியாமல் இருக்க அப்படி ஏதோ கொஞ்சம் வைப்பார்கள். திட்டம் உயிரோடு இருக்கிறது என்று அதற்குப் பொருள். இன்ஜினியர் அய்யா எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

போன பக்ரீதுக்கு இரண்டு நாள்கூட முழுதாகத் தங்கவில்லை என்று உனக்கு வருத்தம். எனக்கும்தான். மறு பக்ரீதுக்கு அவசியம் வருகிறேன். நாலாவது வரைபடமும் திரும்பிவிட்டது. துணி அனுப்பியிருக்கிறேன்.

உன் நைனா

786

நாகல் நகர்,
21-3-1960

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

டோக்கன் என்றால் என்னவென்று நான் கேட்கமாட்டேன். எனக்கு நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு பெருநாள், அதில் ஒன்றரை நாள், அதிலும் பாதி நேரம் பேகம்பூர்ப் பள்ளிவாசலில் சிநேகிதர்களோடு பேச்சு. குடும்பம் ஆரம்பிக்க அது காணாது. பெயர் அழியாமல் இருக்கத்தான் காணும். நீங்களும் எங்களுக்கு டோக்கன்தான் வைக்கிறீர்கள்.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கோபமாக இருந்தால் கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போனதடவை நீங்கள் வந்தபோது ஷரீஃபா உங்களிடம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றாள், கவனித்தீர்களா? பெரியத்தாவிடம் அவள் அப்படி நிற்பதில்லை. அவர் தோல் மண்டியிலிருந்து வரும்போது "ஏலே ஷரீஃபா, தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டுக்கொண்டே வருவார், அவளும் ஓடுவாள். உங்களைப் பார்த்தால் விருந்தாளியைப் பார்த்த மாதிரி நிற்கிறாள். நீங்கள் போன பின் நான் அவளைத் திட்டினேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

துணி வந்தது.

ஜெய்தூன்

786

தூத்துக்குடி,
17-12-1962

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

சீனாச் சண்டையால் எல்லாம் நின்றுபோயிற்று. பணமெல்லாம் எல்லைக்குப் போகவேண்டும், துறைமுகம் காத்திருக்கலாம் என்கிறார்கள். அதில் தவறு சொல்லவும் முடியவில்லை. அடிக்கல் விழாவுக்கு இதுவரை எத்தனையோ தேதி கொடுத்து எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டார்கள். பந்தல்காரர் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அண்ணன் என்னை ஊருக்கே திரும்பிவந்து மண்டிக் கணக்கைப் பார்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். யோசித்தேன் ஜெய்தூன். உண்மையாகவே யோசித்தேன். ஆனால் இந்தக் கடலில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே சேறு என்று என் கை அறியும். இவ்வளவும் போட்டுவிட்டு, அது கட்டப்படுகிற நேரத்தில் நான் தோல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் ஆயுசு எதற்கு ஆயிற்று? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் நைனா

786

நாகல் நகர்,
6-1-1963

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

பொறுத்துக்கொண்டேன். வேறென்ன எழுத. எனக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டது. இனி துணி அனுப்பவேண்டாம், பெட்டி நிறைந்துவிட்டது. பிள்ளைக்கும் இப்போது உள்பாவாடைக்கு அந்தத் துணி வேண்டாமாம், எழுத்துத் தெரிகிறதாம்.

ஜெய்தூன்

786

தூத்துக்குடி,
4-10-1963

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

அல்ஹம்துலில்லாஹ்! திட்டம் அங்கீகாரமாகிவிட்டது. டோக்கன் இல்லை, முழுத்திட்டம். தபால் வந்ததும் இன்ஜினியர் அய்யா எழுந்து நின்று வாசித்தார். கருப்பணன் சங்கிலியை வீசி எறிந்துவிட்டு ஆடினார். நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஏழாவது வரைபடம் பாஸாயிற்று. அது என் கைபட்டது.

குவார்ட்டர்ஸும் உண்டு. இனி நாள்தான் பாக்கி.

உன் நைனா

786

நாகல் நகர்,
28-8-1964

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

ஷரீஃபாவுக்கு வத்தலக்குண்டிலிருந்து வந்த சம்பந்தம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை ஜமால் முகமதுவை நீங்கள் ஆடி மாதம் வந்தபோது பார்த்தீர்கள். அவர்களுக்கும் தோல் வியாபாரம், நல்ல பிள்ளை, தலை நிமிர்ந்து பேசமாட்டான். இப்போது ஒரு சிக்கல். மாப்பிள்ளையின் அண்ணன் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார், நவம்பர் கடைசியில் திரும்பிப் போகவேண்டும். அதனால் நவம்பர் 5, வியாழக்கிழமை நிக்காஹ் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். உங்களுக்கு வசதிப்படாவிட்டால் நோன்புப் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளலாம், அண்ணன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

அந்தத் தேதிக்குத்தான் உங்கள் ஊரில் அடிக்கல் விழா என்று பேப்பரில் போட்டிருப்பதாக உங்கள் அண்ணன் சொல்கிறார். யோசித்து எழுதுங்கள். நீங்கள் இல்லாமல் இந்த நிக்காஹ் நடக்கவேண்டாம். பெண்ணைக் கொடுக்கிற வலீயாகத் தகப்பன்தான் உட்காரவேண்டும். எனக்குக் குவார்ட்டர்ஸ் வராமல் போகட்டும், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இந்த ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ஜெய்தூன்

786

தூத்துக்குடி,
4-9-1964

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

மகிழ்ச்சி தாங்கவில்லை. நவம்பர் 5 என்றே உறுதி சொல்லிவிடு.

விழாவைப் பற்றிக் கவலையே படாதே. இப்படி எத்தனை தேதியை நான் பார்த்துவிட்டேன். ஒருதடவை மழை, ஒருதடவை தேர்தல், ஒருதடவை சண்டை, ஒருதடவை மந்திரிக்கு உடம்புக்கு ஆகவில்லை. இது ஒன்று மட்டும் நடந்துவிடுமா? வழக்கம்போல அக்டோபர் பாதியில் ஒத்திவைப்பு வந்துவிடும். அரசாங்கத் தேதியை நம்பி நாம் நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்டால் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள். கருப்பணனும் இதையேதான் சொல்கிறார். ஆபீஸில் ஒருவர்கூட அந்தத் தேதிக்கு விழா நடக்கும் என்று நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையே வந்துவிடுவேன். இன்ஷா அல்லாஹ்.

உன் நைனா

786

நாகல் நகர்,
10-10-1964

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு உறுதி சொல்லியாயிற்று. ஓதுகிற ஹஜ்ரத்துக்கும் ஜமாத்துக்கும் சொல்லியாயிற்று. பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இன்னும் ஒத்திவைப்புச் செய்தி வரவில்லையே மச்சான்? பேப்பரில் நாளுக்கு நாள் பெரிதாகப் போடுகிறார்கள். இப்போது சொன்னால்கூட நான் வத்தலக்குண்டுக்கு ஆள் அனுப்பித் தள்ளிவைத்துவிடுவேன். வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளதை எழுதுங்கள்.

பெண்கள் பக்கம் கட்டத் திரை இல்லை. ஜவுளிக்கடைத் துணி வேண்டாம் என்று நீங்கள் அனுப்பிய துணிகளையெல்லாம் சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஷரீஃபாவும் ஒரு பக்கம் தைக்கிறாள். "அத்தா போட்ட கடலு எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப்புட்டோம்மா" என்றாள். சிரிப்பாக இருந்தது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ஜெய்தூன்

786

தூத்துக்குடி,
26-10-1964

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒத்திவைப்பு இன்னும் வரவில்லை. கரையில் பந்தல் எழும்பிவிட்டது. ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருக்கிறார்கள், பனைமரத்துக்கெல்லாம் வெள்ளையடித்திருக்கிறார்கள். ஆனாலும் கடைசி நாளில் தந்தி வந்து நின்றுபோனதும் உண்டு, 1961-ல் அப்படித்தான் ஆயிற்று. அதனால் நீ கலங்காதே.

பந்தலில் என் வரைபடத்தைப் பெரிதாக எழுதி மாட்டப்போகிறார்கள். டெல்லி விருந்தாளிகளுக்கு அதை விளக்க யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது அய்யா என்னைப் பார்த்தார். நான் மகள் நிக்காஹைச் சொன்னேன். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்படியும் வந்துவிடுவேன்.

உன் நைனா

தந்தி
தூத்துக்குடி, 4-11-1964

விழா நடக்கிறது. வர இயலவில்லை. மணமக்களுக்கு துஆ. நைனா முகமது.

786

தூத்துக்குடி,
6-11-1964

அன்பு ஜெய்தூனுக்கு சலாம்.

தந்தி கிடைத்திருக்கும். லீவு கொடுக்க மறுத்துவிட்டார்கள். என்ன செய்வேன், அரசாங்க உத்தியோகம். நேற்று முழுக்க என் உடம்புதான் இங்கே இருந்தது. நிக்காஹ் நல்லபடியாக நடந்திருக்கும். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டுச்சேலையும் மக்ரூனும் கருப்பணன் கையில் அனுப்பினேன், நேரத்துக்கு வந்து சேர்ந்தாரா?

இங்கே விழா நன்றாக நடந்தது. எத்தனை ஜனம்! உப்பளத்து ஆட்கள், தோணிக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். விருந்தாளிகள் வரைபடத்தைப் பார்க்க வந்தார்கள். டெல்லிக் காரியதரிசி ஒருவர் என் எதிரிலேயே நின்று, கல்சுவர் எங்கே வருகிறது என்று கேட்டார். குச்சியை வைத்துக் காட்டினேன். தலையசைத்தார். அடுத்த பந்தலுக்கு நேரமாகிவிட்டதால் அவ்வளவுதான் நின்றார். இருந்தாலும் கேட்டார் அல்லவா?

இன்னொரு செய்தி. குவார்ட்டர்ஸ் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. இரண்டு அறை, சமையல்கட்டு. ஜன்னல் கடலைப் பார்த்து. பிள்ளையை வழியனுப்பிவிட்டு நீ புறப்படு. தேதி எழுது, மணியாச்சிக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உன் நைனா

786

நாகல் நகர், திண்டுக்கல்,
15-11-1964

அன்புள்ள மச்சானுக்கு ஜெய்தூன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஷரீஃபா மறுவீடு வந்து போய்விட்டாள். பந்தல் பிரித்தாயிற்று. பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

கருப்பணன் வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். நீங்களும் கூட வந்திருப்பீர்கள் என்று ஷரீஃபா அவருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். தந்தி வந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள். சேலை நன்றாக இருக்கிறது. அதை உடுத்திக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

நிக்காஹ் நேரத்தில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன். உங்களுக்குப் பதிலாக வலீ யார் என்று தந்தியில் நீங்கள் சொல்லவில்லை. அண்ணன் உட்காரட்டும் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். ஜமாத்தார் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். கடைசியில் உங்கள் அண்ணன் மைதீன் பிச்சை தானே போய் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். துறைமுகத்தைப் பற்றி இத்தனை வருஷம் கேலி பேசிய மனுஷன், அன்று ஒரு வார்த்தை உங்களைக் குறைத்துப் பேசவில்லை.

பெரியத்தா வலீயாக உட்கார்ந்தால் நிக்காஹ் புத்தகத்தில் காரணம் எழுதவேண்டுமாம். ஹஜ்ரத் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பொண்ணோட தகப்பனார் ஹயாத்தா, மௌத்தா?"

ஊருக்கே தெரியும் நீங்கள் உயிரோடு இருப்பது. ஹஜ்ரத்துக்கும் தெரியும். முறைக்காகக் கேட்டார். உங்கள் அண்ணன் தந்தியை ஹஜ்ரத்திடம் நீட்டினாராம். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். என் முகத்துக்கு நேராக நீங்கள் வரைந்த கடல்தான் இருந்தது. கோடெல்லாம் மங்கலாக, அங்கங்கே எண்கள். ஷரீஃபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லாததால் நானே சத்தமாகச் சொன்னேன்.

"ஹயாத்து."

இந்த ஊரில் ஆண்கள் சபையில் ஒரு பெண் குரல் கொடுத்தது அன்றுதான் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். வேறு யார் சொல்வார்கள்? நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று இத்தனை வருஷமாக இந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தானே.

சாப்பாட்டுப் பந்தியில் கருப்பணனுக்கு நானே பரிமாறச் சொன்னேன். அவர் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். "இன்ஜினியரு அய்யா மூணு நாளு லீவு குடுத்துட்டாரும்மா. நம்ம அய்யாதான், வரைபடத்துக்கிட்ட வேற ஆளு நின்னா தப்பாச் சொல்லிப்புடுவான்னு லீவுச் சீட்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு. அம்புட்டு விசுவாசம்" என்றார். அவருக்குக் கபடம் தெரியாது. அவரை நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதியதையும் அவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு எது உண்மை என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீங்கள் ஒரு பதில் எழுதவேண்டிவரும். எனக்கு அசதியாக இருக்கிறது மச்சான். கோபப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

அந்தக் காரியதரிசி வரைபடத்தைப் பார்த்துத் தலையசைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அது சந்தோஷமாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. உங்கள் துறைமுகம் நல்லபடியாகக் கட்டி முடியட்டும், கப்பல்கள் கரைக்கு வரட்டும் என்று தொழுகையில் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது பிள்ளைக்கும் நல்லது. மருமகன் தோலைத் தூத்துக்குடி வழியாகவே அனுப்பலாம்.

குவார்ட்டர்ஸுக்கு நான் வரவில்லை. பெட்டி கட்ட எனக்கு மனம் வரவில்லை. வத்தலக்குண்டு பக்கத்தில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. ஷரீஃபாவுக்கு முதல் பிரசவம் என்று வந்தால் நான் இங்கே இருக்கவேண்டும். உங்கள் இரண்டு அறையில் ஒன்றை யாருக்காவது கொடுங்கள். கடல் ஜன்னல் பக்கம் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். பனிக்காற்று பட்டால் உங்களுக்குச் சளி பிடிக்கும், கதவை ஒருக்களித்து வையுங்கள்.

திரையை அவிழ்த்து மடித்து வைத்திருக்கிறேன். யார் வீட்டு நிக்காஹுக்காவது கேட்டால் கொடுப்பேன். நல்ல துணி, கிழியாது.

பக்ரீதுக்கோ எப்போதோ வரவேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். இது உங்கள் வீடு, யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் தேதி மட்டும் எழுதாதீர்கள். எழுதிவிட்டால் நான் அரிசி ஊறவைத்துவிடுவேன், கறிக்குச் சொல்லிவிடுவேன், எக்ஸ்பிரஸ் கூவினால் எழுந்து நிற்பேன். பழகிப்போன உடம்பு, சொன்னால் கேட்காது. அதனால் சொல்லாமல் வந்து கதவைத் தட்டுங்கள். அன்றைக்கு என்ன வெஞ்சனம் இருக்கிறதோ அதை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஷரீஃபாவின் தாய்
ஜெய்தூன் பீவி